1976–79 பிரிட்டிஷ் பங்க், பவர் பாப் சிங்கிள்கள்: முதல் பதிப்பைத் தேடி அலைவதா, மறுபதிப்போடு நின்றுவிடுவதா?

வால்தம்ஸ்டோ_வாசி

வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை இளையராஜாவின் எல்.பி. தட்டுகளைப் பற்றி மட்டுமே எழுதிவந்தவன் நான். கொஞ்ச நாளாக மனம் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடியில் ஓடும் கிடார், கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும், அங்கிருந்து பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன். இப்போது 1976க்கும் 79க்கும் நடுவில், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்குக்கும் மெட்டு இனிக்கும் கிடார் பாப்பான பவர் பாப்புக்கும் இடையில் நிற்கிறேன். கைப்பணம்தான் கூட நடக்க மறுக்கிறது.

நேரடியாகக் கேள்விக்கு வருகிறேன். இசைத்தட்டுச் சந்தை ஒன்றில் அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' சிங்கிளை (பக்கத்துக்கு ஓரிரு பாட்டுள்ள சிறு தட்டு) பார்த்தேன். பெல்ஃபாஸ்ட்டின் குட் வைப்ரேஷன்ஸ் லேபிளில் (தட்டு வெளியிடும் நிறுவனம்) வந்த முதல் பதிப்பு. உறை மடிப்பில் கிழிந்திருக்கிறது, தட்டு நன்றாக இருக்கிறது. விலை கொஞ்சம் நெஞ்சைப் பிடிக்கிறது. பக்கத்து மேசையிலேயே சைர் லேபிள் வெளியிட்ட படி கிடந்தது. அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் வராது. இரண்டிலும் இருப்பது அதே பதிவு. எதை வாங்குவது? இந்த வகைத் தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவன் எங்கே தொடங்க வேண்டும்?

முள்முனை

சைர் படியை வாங்குங்கள், மிச்சப் பணத்துக்கு இன்னும் பத்துத் தட்டு வாங்குங்கள். முள்ளுக்கு லேபிளின் பெயர் தெரியாது. பங்க் இசையின் முதல் பதிப்புக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுப்பதைப் போன்ற முரண் வேறில்லை. அந்தப் பையன்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ரன்அவுட்

முள்முனை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

இந்தத் துறையில் விலைக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகவும் மெல்லியது. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனி அலுவலகத்தில் நடந்த குழப்பம். செக்ஸ் பிஸ்டல்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 நவம்பரில் 'அனார்கி இன் த யு.கே.' இ.எம்.ஐ.யில் வந்தது. முதலில் வந்தவை எழுத்தே இல்லாத கறுப்பு உறையில் வந்தன. தொடக்கப் படிகளில், தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் இரண்டு பக்கத்துக்கும் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் என்று போட்டுவிட்டார்கள். பின்பக்கப் பாட்டைத் தயாரித்தவர் டேவ் குட்மன். அந்த ஒரு வரிப் பிழைக்கே இன்று தனி விலை. ஜனவரியில் இ.எம்.ஐ. குழுவைக் கைகழுவியது. 1977 மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேசை போட்டு ஏ அண்ட் எம் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் அதுவும் முறிந்தது. அச்சடித்து வைத்திருந்த 'காட் சேவ் த குவீன்' தட்டுகள் சுமார் 25,000. அவற்றை அழித்துவிட்டார்கள். தப்பிய சில படிகள் இன்று பத்தாயிரம் பவுண்டைத் தாண்டியும் விலைபோகின்றன. அதே பாட்டை மே மாதம் வர்ஜின் வெளியிட்டது, தரவரிசையில் இரண்டாம் இடம்வரை போனது. அந்த வர்ஜின் படி ஏறக்குறைய எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

எனவே ஏ அண்ட் எம் படிக்குப் பத்தாயிரம் கொடுப்பவர் வாங்குவது அந்த ஒரு வாரக் கூத்தின் எச்சத்தை. அதில் தவறில்லை. ஆனால் இசை வாங்குகிறோம் என்று அவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

'டீனேஜ் கிக்ஸ்' விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டார்.

டெப்ட்ஃபோர்ட்_மலர்

ரன்அவுட் அண்ணா வருவதற்குள் நான் நுழைந்துவிடுகிறேன்.

முள்முனை அவர்களே, முள்ளுக்கு லேபிள் தெரியாது, சரி. கண்ணுக்குத் தெரியுமே! பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இ.பி.யை (சிங்கிளைவிடப் பாட்டு கூடுதலான சிறு தட்டு) கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் ஒரே மூச்சில் பதிவு செய்தது. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டு, முதலில் அடித்தது 1,000 படி, லேபிளும் அவர்களுடையதே. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், உறையில் மார்ட்டின் ஸீரோ என்று இருக்கும். முன்னால் ஒரு போலராய்டு படம். அவர்களுடைய மேலாளர் பிக்காடிலி கார்டன்ஸில் ஒரு சிலையடியில் நிற்கவைத்து எடுத்தது. பின்புறத்தைத் திருப்பினால், ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் அது எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே கிடார் சேர்த்தார்களா இல்லையா என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது, எப்படிச் செய்தோம் என்ற கணக்கை வாங்குபவனிடமே கொடுத்துவிட்டார்கள். நீயும் போய்ச் செய் என்று சொல்லாமல் சொல்கிறது அந்த அட்டை.

சொன்னதைப் போலவே செய்தார்கள். டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் 1977இல் 153 பவுண்டுச் செலவில் தங்கள் முதல் சிங்கிளைக் கொண்டுவந்தார்கள், அது எவ்வளவு எளிது என்று பாட்டுக்குள்ளேயே கூவினார்கள். அடுத்த ஆண்டு ஸ்கிரிட்டி பொலிட்டி தங்கள் முதல் தட்டின் உறையில் பதிவுக் கூலி முதல் லேபிள் அச்சுவரை செலவுப் பட்டியலையே போட்டார்கள். இந்தத் தட்டுகளில் உறையை உரித்து எடுத்துவிட்டால் பேச்சில் பாதியை வெட்டியது போலத்தான். கணினியில் கேட்டால் 'போர்டம்' பாட்டின் அந்த இரண்டே சுரக் கிடார் கிடைக்கும், இந்தக் கணக்கு கிடைக்காது.

முள்முனை

உறையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' 1979இலேயே மறுபதிப்பு வந்தது, 2017இல் டொமினோ திரும்ப வெளியிட்டது. அதே படம், அதே பின்புறம். உங்கள் வாதப்படியே மறுபதிப்பு போதும்.

டெப்ட்ஃபோர்ட்_மலர்

போதும்தான்! நான் எங்கே போதாது என்றேன்? என்னிடம் இருப்பதே 79ஆம் ஆண்டுப் படி. முன்னட்டையில் குழுவின் முதல் பாடகர் ஹோவர்ட் டெவோட்டோ பெயரைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். முதல் பதிப்பு என்று சொல்லி யாராவது அதை உங்கள் தலையில் கட்ட வந்தால் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வால்தம்ஸ்டோ_வாசி

மிக்க நன்றி. இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. பவர் பாப் பக்கமும் யாராவது சொல்லுங்கள். பங்க் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

டெப்ட்ஃபோர்ட்_மலர்

கோடு போட்டுப் பிரிக்க முயலாதீர்கள், அந்த ஆண்டுகளில் யாரும் பிரிக்கவில்லை. ஸ்டிஃப் லேபிளையே பாருங்கள். 1976இல் டேவ் ராபின்சனும் ஜேக் ரிவியேராவும் தொடங்கியது. டாக்டர் ஃபீல்குட் குழுவின் பாடகர் லீ பிரில்லோ கொடுத்த 400 பவுண்டுக் கடன்தான் மூலதனம். அவர்களுடைய முதல் சிங்கிள் நிக் லோவின் 'ஸோ இட் கோஸ்'. சுத்தமான பாப் மெட்டு. அதே வரிசையில் ஆறாவது, டாம்ன்ட் குழுவின் 'நியூ ரோஸ்', 1976 அக்டோபரில் வந்த முதல் பிரிட்டிஷ் பங்க் சிங்கிள். அதைத் தயாரித்தவர் யார்? அதே நிக் லோ. பின்பக்கத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தறிகெட்ட வேகத்தில் அடித்து நொறுக்கியிருப்பார்கள். இதில் எது பங்க், எது பாப்?

உண்மையில் பணம் குறைவாக இருப்பவருக்குச் சொர்க்கம் இந்தப் பாப் பக்கம்தான். ஜாக்ஸ் குழுவின் 'பேக் ஆஃப் மை ஹேண்ட்' 1979இல் தரவரிசைக்குப் போன பாட்டு, அதனால் படிகள் ஏராளம், விலை சொற்பம். ஒன்லி ஒன்ஸ் குழுவின் 'அனதர் கேர்ள், அனதர் பிளானெட்' அன்று விற்கவில்லை, பிறகு எல்லாரும் கொண்டாடினார்கள். அதனால் கொஞ்சம் கூடுதல் விலை. ரெக்லெஸ் எரிக் பாடிய 'ஹோல் வைட் வேர்ல்ட்' இரண்டே கார்டில் (கிடாரின் சுரக்கூட்டு) ஓடும் பாட்டு. ரெக்கார்ட்ஸ் குழுவின் 'ஸ்டாரி ஐஸ்' கேளுங்கள்: முதல் வரிக்குள் கிடார்கள் மணி அடிப்பதைப் போலத் திறந்துகொள்ளும். எங்கள் ஊர் ஸ்குவீஸ் குழுவின் முதல் இ.பி. 'பேக்கெட் ஆஃப் த்ரீ' 1977இல் டெப்ட்ஃபோர்ட் ஃபன் சிட்டி லேபிளில் வந்தது, தயாரித்தவர் ஜான் கேல். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஒரே ஒரு சிங்கிள் போட்டுவிட்டு மறைந்துபோன குழுக்களின் தட்டுகளை இப்போது வியாபாரிகள் "பவர் பாப், அரியது" என்று சீட்டு ஒட்டி விலையை மூன்று மடங்காக்குகிறார்கள். பாதி அரியவைதாம். அரியவையாக இருப்பதற்கு அந்தப் பாட்டுகளே காரணம்.

சவுத்ஹால்_சிவா

சிரித்துவிட்டேன் மலர்.

என் பங்குக்கு ஒன்று. ரட்ஸ் குழுவின் 'இன் எ ரட்' சிங்கிளை விட்டுவிடாதீர்கள். 1979இல் பீப்பிள் யுனைட் லேபிளில் வந்தது. அந்த லேபிள் மேற்கு லண்டனில் எங்கள் சவுத்ஹாலின் மிஸ்டி இன் ரூட்ஸ் ரெக்கே குழுவினர் கூட்டாக நடத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் நேஷனல் ஃபிரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் கூட்டத்தை எதிர்த்துச் சவுத்ஹாலில் நடந்த போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் கொல்லப்பட்டார். மிஸ்டி குழுவின் மேலாளரைப் போலீஸ் அடித்ததில் மண்டை உடைந்தது. ரட்ஸ் பின்னர் பாடிய 'ஜா வார்' அதைப் பற்றியதுதான். பங்க் தட்டு என்றால் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஊக்கு குத்திக்கொண்டு நின்ற வெள்ளைப் பையன்களின் சொத்து என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அன்று எங்கள் தெருவில் அடிவாங்கியவர்கள் பஞ்சாபிகள், கரீபியர்கள். அவர்களுடைய லேபிளில்தான் இந்தத் தட்டு வந்தது.

ஏலியன் கல்ச்சர் என்ற குழுவையும் தேடிப் பாருங்கள். மூவர் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பிள்ளைகள். 1980இல் ஒரே ஒரு சிங்கிள், 'ஏஷியன் யூத்'. எப்போதாவதுதான் கண்ணில் படும். கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள்.

வால்தம்ஸ்டோ_வாசி

சிவா அண்ணா, இது எனக்குப் புதிது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

முள்முனை

சிவா சொன்ன தட்டுகளை வரலாற்றுக்காக வாங்கினால் புரிந்துகொள்வேன். எனக்குச் சகிக்காதது வண்ணத் தட்டு மோகம். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் 'த டே த வேர்ல்ட் டர்ன்ட் டே-குளோ' ஆரஞ்சு நிறத்தில். ஜெனரேஷன் எக்ஸ் 'கிங் ராக்கர்' நான்கு நிறத்தில், நான்கு உறை, உறைக்கு ஒருவர் முகம். ஒரே ரசிகன் ஒரே பாட்டை நான்கு முறை வாங்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. அன்றைக்கே இந்த வியாபாரம் தொடங்கிவிட்டது. அதற்கு இன்றும் நாம் தலையாட்டுகிறோம்.

டெப்ட்ஃபோர்ட்_மலர்

பிளாஸ்டிக் உலகத்தைப் பாடும் பாட்டு கண்ணைக் கூசும் ஆரஞ்சு பிளாஸ்டிக்கில் வருவது எவ்வளவு பொருத்தம்! பாடகி பாலி ஸ்டைரீனின் கிண்டல் அங்கேதான் முழுமை பெறுகிறது. 'கிங் ராக்கர்' விஷயத்தில் உங்கள் கட்சி நான்.

ரன்அவுட்

திரும்பி வந்துவிட்டேன். பேச்சு நன்றாகப் போகிறது, நான் வேலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போலிகள். விலை ஏறிய எல்லாவற்றுக்கும் போலி உண்டு. ஏ அண்ட் எம் படிக்கு ஏராளம். கறுப்பு உறை 'அனார்கி'யில் உறையை வைத்து எதையும் சொல்ல முடியாது, வெறும் கறுப்புத்தாளை யாரும் செய்யலாம். பார்க்க வேண்டியது தட்டை. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான வட்டத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். அங்கே மேட்ரிக்ஸ் எண் இருக்கும், அதாவது தட்டை அடித்த அச்சின் அடையாள எண். சிலவற்றில் இயந்திரம் குத்தியது, சிலவற்றில் ஊசியால் கையால் கீறியது. டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுப் பட்டியல் தளத்தில் அதே பதிப்புக்கு உள்ள படங்களோடு எண்ணை மட்டுமின்றி எழுத்தின் சாய்வையும் ஒப்பிடுங்கள். உறையில் சின்ன எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அசலிலிருந்து படமெடுத்து அச்சிட்டதென்றால் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும், படத்தில் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலையலையாகத் தெரியும்.

அந்த வட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் வேடிக்கையும் கிடைக்கும். ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுப் பொறியாளர் (மூலத் தட்டில் பள்ளம் வெட்டுபவர்) தான் வெட்டிய தட்டுகளில் "எ போர்க்கி பிரைம் கட்" என்று கீறிவைப்பார். எல்விஸ் காஸ்டெலோவின் 'திஸ் இயர்ஸ் மாடல்' 1978 முதல் படிகளில், ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து மொய்ரா என்பவரைக் கேட்டால் பரிசு உண்டு என்று கீறியிருக்கும். அந்த ஆல்பத்தின் உறை வேண்டுமென்றே ஓரம் தள்ளி அச்சானது. பக்கத்தில் அச்சகத்தின் வண்ணப் பட்டை தெரியும். அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது மலிவாகக் கொடுத்தால் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரம். பிரிட்டனில் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோல் ஒன்று, அமெரிக்கக் கோல்ட்மைன் அளவுகோல் ஒன்று. டிஸ்காக்ஸ் பின்பற்றுவது இரண்டாவதை. பிரிட்டிஷ் அளவுகோலில் மின்டுக்கும் (புத்தம்புதியது) வி.ஜி.க்கும் (வெரி குட்) நடுவே எக்ஸலன்ட் என்று ஒரு படி உண்டு, அமெரிக்கத்தில் அந்த இடத்தில் நியர் மின்ட், வி.ஜி. பிளஸ் என்று வரும். ஆகவே வி.ஜி. என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எந்த அளவுகோல் என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். கேட்டால் கோபப்படுகிற விற்பனையாளரை விட்டு விலகுங்கள்.

பாதுகாப்பு. கெட்டியான பி.வி.சி. உறைக்குள் தட்டை வைக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் நாளாவட்டத்தில் கசிந்து, தட்டின் மேல் பால் படர்ந்தாற்போல் படியும். கழுவினாலும் போகாது. முள் அதன்மேல் ஓடும்போது இடைவிடாமல் ஒரு சீறல் கேட்கும். பாலித்தீன் உறை போதும், விலையும் குறைவு.

குரோய்டன்_குமரன்

ரன்அவுட் ஐயா சொன்ன பி.வி.சி. விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய அட்வர்ட்ஸ் குழுவின் சிங்கிள் மின்ட் என்ற பெயரில் வந்தது. படத்தில் பளபளத்தது. விளக்கடியில் பிடித்தால் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளைப் படலம். பணத்தைத் திருப்பித் தந்தார், சண்டையில்லை. ஆனாலும் தட்டு போனது போனதுதான்.

ரன்அவுட்

இனி 'டீனேஜ் கிக்ஸ்'. அதற்காகத்தானே இழையே.

வட அயர்லாந்தின் டெர்ரி நகரிலிருந்து வந்த ஐந்து பையன்கள். 1978 ஜூனில் பெல்ஃபாஸ்ட்டின் விசார்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். வெளியிட்டவர் டெர்ரி ஹூலி, கலவரக் காலத்து பெல்ஃபாஸ்ட்டில் குட் வைப்ரேஷன்ஸ் என்று இசைத்தட்டுக் கடை நடத்தியவர். லேபிளும் கடையின் பெயரிலேயே. லண்டன் கம்பெனிகள் சீண்டவில்லை. செப்டம்பரில் பி.பி.சி. ரேடியோ 1இல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீல் இதைப் போட்டுவிட்டு, முடிந்ததும் உடனே இன்னொரு முறை போட்டார். அதைக் கேட்டுத்தான் சைர் லேபிள் ஆள் அனுப்பியது. பீலின் கல்லறையில் இருப்பது இந்தப் பாட்டின் வரி.

ஹூலியிடம் அட்டை உறை செய்யப் பணமில்லை. ஒரு தாளை அச்சடித்து மடித்துத் தட்டைச் சுற்றிவிட்டார்கள். விரித்தால் சுவரொட்டி. அந்த லேபிளின் ஆரம்பத் தட்டுகளில் பலவும் இப்படி மடித்த தாள்தான். நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் மடிந்தே இருந்த தாள் மடிப்பில் கிழியாமல் என்ன செய்யும்? வாங்கியவன் விரித்துச் சுவரில் ஒட்டினான், திரும்ப மடித்தான், அதுதான் அதன் வேலை. கிழிசல் இல்லாத படி கிடைத்தால்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

ஏ அண்ட் எம் படிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே: அங்கே அழித்ததால் விலை. இங்கே, அந்தப் பையன்களும் கடைக்காரரும் கையிலிருந்த காசுக்கு எதைச் செய்ய முடிந்ததோ அதுவே உங்கள் கையில் இருக்கிறது. சைர் படி நல்ல படிதான், ஒரு பெரிய கம்பெனி செய்த நல்ல படி.

முள்முனை

சரி, இதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்று: இதை வாங்கினால் ஓட்டிக் கேளுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டாதீர்கள்.

டெப்ட்ஃபோர்ட்_மலர்

சுவரொட்டியைச் சட்டத்தில் மாட்டலாம், தட்டை ஓட்டலாம். இருவருக்கும் திருப்தி. :)

வால்தம்ஸ்டோ_வாசி

முடிவு செய்துவிட்டேன். அடுத்த சந்தையிலும் அது அங்கேயே இருந்தால் கிழிந்த உறையோடு குட் வைப்ரேஷன்ஸ் படியையே வாங்குகிறேன். அதோடு இந்த மாதப் பணம் முடிந்தது; ஜாக்ஸும் ரெக்கார்ட்ஸும் அடுத்த மாதம். 'இன் எ ரட்' தேடலை இன்றே தொடங்குகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். உறையின் உட்புறம் கிழிசலை ஒட்டுவதற்கு யாரோ பழைய செல்லோடேப் போட்டிருக்கிறார்கள். மஞ்சளாகிக் காய்ந்துபோயிருக்கிறது. அதை எடுத்துவிடலாமா?

ரன்அவுட்

கையை வைக்காதீர்கள். பசை காகிதத்துக்குள் இறங்கியிருக்கும், இழுத்தால் அச்சும் சேர்ந்து உரியும். தானாக உதிர்ந்தால் உதிரட்டும். டேப்பைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சந்தை மூடும் நேரத்துக்குப் போங்கள், பெட்டியைத் திரும்பத் தூக்கிச் செல்ல யாருக்கும் பிடிக்காது.

வால்தம்ஸ்டோ_வாசி

அப்படியே செய்கிறேன் ஐயா. விலை எவ்வளவுக்கு இறங்கியது என்று இங்கேயே எழுதுகிறேன்.